வார்டா, வகுப்பறையா? மருத்துவக் கருவித் தொழில்முனைவை வேலூரில் எப்படிக் கற்பிப்பது

பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் உயிர்மருத்துவப் பொறியியல் துறை நடத்தும் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொழில்முனைவு பற்றி ஒரு விருப்பப் பாடம் வைக்க வேண்டும். அது மருத்துவக் கருவிகளைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். அதை எப்படி நடத்துவது? துறைக் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வரும். வகுப்பறையில் பாடமாக நடத்தி முடிவில் வணிகத் திட்டம் எழுத வைக்கலாம். குழுக்கள் போட்டி போட்டு இரண்டே நாளில் ஒரு தீர்வை உருவாக்கும் ஹேக்கத்தான் வைக்கலாம். மாணவர்களை மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே என்ன குறை என்று பார்த்துவரச் சொல்லலாம். இல்லையென்றால் புதுத் தொழில்களுக்கு இடமும் உதவியும் தந்து வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையம் ஒன்றில் சேர்த்துவிடலாம். இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் நான்கையும் ஒப்பிட்டு, என் சாய்வையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும். அதற்காக ஒரே கருவியை நான்கு வழிகளிலும் நடத்திப் பார்க்கலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கான காலணியை எடுத்துக்கொள்கிறேன். இந்த வட்டாரத்துக்கு அது சொந்தப் பொருள். தொழுநோயால் உணர்விழந்த கைகளையும் கால்களையும் பற்றி டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றியது வேலூரில்தான். மென்மையான நுண்ணறை ரப்பர் அடி வைத்த எம்சிஆர் செருப்பு, காட்பாடிக்கு அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவமனையில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல், காலணித் தொழில் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நோயாளி, மருத்துவர், தைக்கிறவர் மூவரும் ஒரே பஸ் தடத்தில் கிடைக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது.

முதலில் வகுப்பறை. மூன்று கிரெடிட், நாற்பத்தைந்து மணி நேரம், அறுபது மாணவர்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மதிப்பெண் போடுவதும் எளிது. கல்லூரி நிர்வாகத்துக்கு இதுதான் பிடிக்கும். கடைசியில் ஒவ்வொரு குழுவும் நாற்பது பக்கத்தில் ஒரு திட்டம் கொடுக்கும். சந்தை அளவு என்ற பகுதியைத் திறந்தால் கணக்கு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள். அதில் ஒரு சதவீதம் நம்மிடம் வாங்கினால் போதும். ஒரு ஜோடி இரண்டாயிரம் ரூபாய். ஆக, ஆண்டுக்கு இருநூறு கோடி. பெருக்கலில் பிழை இருக்காது. அந்த ஒரு சதவீதம் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள், யார் சொன்னால் வாங்குவார்கள் என்பதற்குத்தான் அந்த நாற்பது பக்கத்திலும் ஒரு வரி இருக்காது.

இதே கணக்கைக் கீழிருந்து போடச் சொன்னால் மாணவர்கள் திணறுவார்கள். ஒரு சர்க்கரை நோய்க் கிளினிக்கிற்குச் செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்களில் எத்தனை பேரின் காலை மருத்துவர் தொட்டுப் பார்க்கிறார்? காலணி மாற்றச் சொல்லி எத்தனை பேருக்கு எழுதித் தருகிறார்? அவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? இந்த எண்கள் எந்த அறிக்கையிலும் கிடைக்காது. கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினால்தான் உண்டு.

ஆனாலும் வகுப்பறையை அப்படியே தள்ளிவிட முடியாது. சட்டமும் கணக்கும் வார்டில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. உட்கார வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ல் வெளியாகி 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைக் கொண்டு கருவிகளை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாக அவை பிரிக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் கட்டாயம். முதல் இரண்டு வகுப்புகளின் உற்பத்தி உரிமத்தை மாநில உரிம அதிகாரி தருகிறார்; பின்னிரண்டுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ. ஏ வகுப்பிலேயே கிருமிநீக்கம் தேவைப்படாத, அளவிடும் வேலை செய்யாத கருவிகளுக்குப் பதிவு மட்டும் போதும் என்று தளர்வும் உண்டு.

மாணவர்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். நம் காலணியை உள்ளே கொண்டுவந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். அழுத்தத்தைப் பரப்பிவிடும் ஒரு சாதாரண செருப்பு, ஆபத்து குறைந்த பக்கத்தில் நிற்கும். அதற்குள் வெப்ப உணரி வைத்து, ‘புண் வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும்’ என்று பெட்டியில் அச்சடித்தால் அதன் நோக்கப் பயன்பாடே, அதாவது கருவி எதற்காக என்று தயாரிப்பவர் சொல்வதே, மாறிவிடுகிறது. வகுப்பு ஏறக்கூடும், மென்பொருளுக்குச் சான்று வேண்டும், எச்சரிக்கை தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். பெட்டியில் அச்சடித்த ஒரு வரி, செலவில் பல லட்சத்தையும் காலத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகளையும் கூட்டிவிடும். என்னைக் கேட்டால், வணிகத் திட்டத்தின் முதல் பக்கத்தில் நிற்க வேண்டியது இந்த வரிதான். பெரும்பாலான திட்டங்களில் ‘ஒழுங்குமுறை ஒப்புதல்: ஆறு மாதம்’ என்ற ஒற்றைக் கட்டமாக அது கடைசி அட்டவணையில் ஒதுங்கிக் கிடக்கும்.

விலையும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது: மருந்து பூசியவற்றுக்கு 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். அதுவரை லட்சத்தைத் தாண்டியும் விற்ற பொருள் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு உள்வைப்புகளுக்கும் வரம்பு வந்தது. லாபக் கணக்கின் விலைக் கட்டத்தை அரசு ஒரு நாளில் திருத்தி எழுத முடியும் என்பதை வகுப்பறையில் சொல்லித்தந்தே ஆக வேண்டும். பணம் வந்து சேரும் காலமும் பாடம்தான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி மூலதனக் கணக்குப் போடும் மாணவனை, மருத்துவமனைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் விநியோகஸ்தர் யாரிடமாவது ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரச் சொல்வேன். திரும்பி வந்ததும் கணக்கைத் தானே மாற்றுவான்.

இரண்டாவது வழியான ஹேக்கத்தான் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நாள், பதாகை, டி-ஷர்ட், காசோலை அட்டையோடு புகைப்படம். மாணவர்களுக்கு உற்சாகம் பிறக்கும், குழுவாக வேலை செய்யப் பழகுவார்கள், மருத்துவர் ஒருவரோடு முதல்முறையாகப் பேசுவார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஓர் ஆபத்தும் இருக்கிறது: நல்ல யோசனை ஒன்று அங்கே உண்மையிலேயே பிறந்துவிட்டால், மேடையில் அதை விளக்கிய கணமே அது வெளிப்படையான செய்தி ஆகிவிடுகிறது, பிறகு காப்புரிமை கேட்டால் புதுமை இல்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். தனிநபரோ ஸ்டார்ட்அப்போ இணையவழியில் தற்காலிக விண்ணப்பம் போட 1,600 ரூபாய்தான் கட்டணம். முழு விவரத்தைத் தாக்கல் செய்யப் பன்னிரண்டு மாதம் அவகாசம் கிடைக்கும். ஹேக்கத்தான் வைத்தே தீருவோம் என்கிற கல்லூரி, டி-ஷர்ட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இதற்கு எடுத்து வைக்கலாம்.

மூன்றாவது வழி மருத்துவமனை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பயோடிசைன் திட்டம் இதற்குப் பெயர்பெற்றது. முதலில் வார்டில் நின்று தேவையைக் கண்டுபிடி, அதன் பிறகே கருவியைப் பற்றி யோசி, வணிகத் திட்டம் அதற்கும் பிறகு என்பது அதன் வரிசை. இந்த முறை தில்லி எய்ம்ஸுக்கும் ஐஐடி தில்லிக்கும் மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு வந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் தொடங்கிய கான்ஷூர் மெடிக்கல் நிறுவனத்தின் கருவி எதற்காக என்று கேட்டால் இந்த முறையின் பலம் புரியும்: படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளின் மலத்தைக் கட்டுப்பாடாக அகற்றுவதற்கு. வகுப்பறையில் உட்கார்ந்து இருபது யோசனை எழுதச் சொன்னால் இருபதாவதாகக்கூட எந்த மாணவரும் இதை எழுத மாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு நின்ற எவரும் இதை மறக்க மாட்டார்.

நம் காலணியை இந்த வழியில் விட்டுப் பார்ப்போம். பாதப் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் மாணவர்கள் இருவர் ஓரமாக நிற்கிறார்கள். கையில் நோட்டு மட்டும்; செல்பேசிக்கு அனுமதி இல்லை. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா வருகிறார். கட்டைவிரல் அடியில் ஆறிய புண் மறுபடி திறந்திருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறப்புச் செருப்பைத்தான் போட்டு வந்திருக்கிறார். கழற்றி ஓரமாக வைக்கிறார். வாங்கி மாதங்கள் ஆகியும் அடி தேயவில்லை, வார் மடிப்பில் சுருக்கமே விழவில்லை. ‘தினமும் போடுகிறீர்களா அம்மா?’ என்று சிஸ்டர் கேட்கிறார். ‘வெளியே போகும்போதெல்லாம் போடுகிறேனே’ என்கிறார் அவர். வெளியே எப்போது போவார்? வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கு, மாதம் ஒருமுறை இந்த மருத்துவமனைக்கு. மற்ற நேரமெல்லாம் வீட்டில் சிமெண்டுத் தரை, அடுப்படி, வாசல், வெறுங்கால். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பது நம் குடும்பங்களில் நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

அந்த நோட்டில் எழுதப்படும் தேவை இப்போது வேறு. ‘சர்க்கரை நோயாளிகளுக்கு நல்ல செருப்பு’ என்பது போய், ‘புண் ஆறி வீடு திரும்பியவருக்கு, வீட்டுக்குள் நடக்கும்போது பாத அழுத்தத்தைக் குறைத்து, அதே இடத்தில் மறுபடி புண் வராமல் தடுக்க ஒரு வழி’ என்று வருகிறது. கருவியின் பெயர் அதில் இல்லை. அது செருப்பாகவும் இருக்கலாம், துவைத்துப் போடும் தடித்த காலுறையாகவும் இருக்கலாம், அடுப்படித் தரையில் விரிக்கும் விரிப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விலை, விற்பனை இடம், போட்டி எல்லாம் வேறு வேறு. வீட்டுக்குள் போடும் பொருள் என்றால் வாங்குவதை மருமகள் முடிவு செய்யக்கூடும். மருந்துக் கடையில் தொங்கவிட்டு விற்க முடியுமா என்று பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு கால் அளவும் வேறாக இருப்பவர்களுக்கு ஒற்றையாக விற்பீர்களா என்று கடைக்காரர் கேட்பார். வணிகத் திட்டத்தின் பாதி அந்தத் தேயாத செருப்பைப் பார்த்ததில் எழுதப்பட்டுவிட்டது. பத்துக் கோடியை ஒரு சதவீதத்தால் பெருக்கியவர்கள் இதன் பக்கத்தில்கூட வந்திருக்க மாட்டார்கள்.

இதன் சிரமங்களும் சிறியவை அல்ல. ஓர் அறையில் இரண்டு மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. அறுபது பேர் வகுப்புக்கு இது ஒத்துவராது. காலை ரவுண்ட்ஸ் தொடங்கும்போது கல்லூரி பஸ் இன்னும் காட்பாடியைத் தாண்டியிருக்காது, ஆகவே கால அட்டவணையை மாற்ற வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அடையாள அட்டை, நோயாளியின் பெயரை எழுத மாட்டேன் என்ற கையெழுத்து, இவையெல்லாம் முன்கூட்டியே தயாராக வேண்டும். நோயாளிகளின் தகவலைத் திரட்டி ஆய்வாக்குவதென்றால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும். மாணவர்கள் செய்த முன்மாதிரியை நோயாளியின் காலில் மாட்டிப் பார்ப்பது இந்தப் பாடத்துக்குள் நடக்கவே கூடாது. சோதனைக்காகத் தயாரிப்பதற்கும், மருத்துவ ஆய்வு நடத்துவதற்கும் விதிகளில் தனித்தனி அனுமதி முறை இருக்கிறது. யோசனை யாருக்குச் சொந்தம் என்பதும் முதல் நாளே எழுத்தில் வர வேண்டும். மருத்துவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மாணவர் செய்ததில் கல்லூரிக்கும் பங்கு, மருத்துவமனைக்கும் பங்கு என்று பிறகு கிளம்பினால் நட்பு கெடும்.

எந்த மருத்துவமனை என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. வேலூர் என்றதும் எல்லோருக்கும் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான் நினைவுக்கு வருகிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. நாட்டின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை 1961-லும், முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-லும் அங்கே நடந்தன. காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகைகள் வங்காள எழுத்தில் இருப்பதற்கும் அதுவே காரணம். அங்கே உயிர்ப்பொறியியல் துறையே இருக்கிறது; சென்னை ஐஐடியோடும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தோடும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் முதுநிலைப் படிப்பும் நடக்கிறது. மூன்றாவது வழியின் முழு வடிவம் அதுதான். ஒரு செமஸ்டர் பாடத்துக்கு அந்த வாசலில் போய் நிற்பதைவிட, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருக்கும் முப்பது ஐம்பது படுக்கை நர்சிங் ஹோம்கள், இவற்றைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

காரணம் வணிகம்தான். நர்சிங் ஹோமில் கருவியைப் பயன்படுத்தும் சிஸ்டருக்கும், வாங்க முடிவெடுக்கும் உரிமையாளர் டாக்டருக்கும் நடுவில் பத்தடி தூரம். கொள்முதல் என்றால் என்ன என்பதை மாணவர் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ‘கருவி இருக்கட்டும் தம்பி, அதற்கு மாதாமாதம் வாங்க வேண்டிய உதிரி என்ன விலை? கெட்டுப்போனால் சென்னையிலிருந்து ஆள் வர எத்தனை நாள்?’ என்று அவர் கேட்பார். எந்தப் பாடப்புத்தகத்தையும்விடக் கூர்மையான இரண்டு கேள்விகள் அவை. அரசு மருத்துவமனையில் வேறு உலகம்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டர், முந்தைய ஆண்டுகளின் விற்பனைச் சான்று. இரண்டையும் பார்த்த மாணவருக்கு, கருவியைப் பயன்படுத்துபவரும் பணம் கொடுப்பவரும் பலனடைபவரும் வேறு வேறு ஆட்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான்காவது வழி இன்குபேட்டர். விஐடியின் தொழில்நுட்ப வணிக இன்குபேட்டர் 2003-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு வந்தது. ஆகவே இந்த ஊருக்கு இது புதிதில்லை. பணத்துக்கும் வழிகள் இருக்கின்றன. மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பிராக் அமைப்பு தொடக்க நிலை யோசனைகளுக்குத் தரும் பிக் மானியம் பதினெட்டு மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை. 2021-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் முன்மாதிரிக்கு 20 லட்சம் வரை என்று அறிவிக்கப்பட்டது. பொறியியல் சார்ந்த ஒழுக்கத்தையும் மாணவர் இங்கேதான் கண்ணால் பார்ப்பார்: மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தரமுறைக்கான கோப்புகள், மின்பாதுகாப்புச் சோதனையில் தோற்றுத் திரும்பி வந்த கருவி, அதைச் சரிசெய்யும் கவலை முகங்கள்.

ஆனால் இது ஏற்கெனவே தேவையைக் கண்டுபிடித்துவிட்டவர்களுக்கான இடம். தேவையே தெரியாத மாணவரை இங்கே கொண்டுபோய் விட்டால், முதலீட்டாளர் முன் ஐந்து நிமிடம் எப்படிப் பேசுவது என்பதைத்தான் கற்றுக்கொள்வார். காலக் கணக்கும் ஒத்துவராது. ஸ்ரீ சித்திரை நிலையத்தின் செயற்கை இதய வால்வு பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகும் டிடிகே நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வரக் காலம் பிடித்தது. நான்காம் ஆண்டில் வளாகத் தேர்வுக் கடிதம் வந்ததும் மாணவர் தொடங்கிய நிறுவனம் நின்றுபோவது வழக்கமான கதை. அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கல்விக் கடன் எடுத்த வீட்டில் முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைவிட முதலில் வேண்டியது வாங்குபவர் என்பதற்கு மதுரை ஆரோலேப் நல்ல சாட்சி. 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியபோது, அவற்றைப் பயன்படுத்த அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. இன்குபேட்டர் ஒருவருக்கு அறை தரலாம், இயந்திரம் தரலாம். அப்படி ஒரு வாடிக்கையாளரைத் தர முடியாது.

ஆக, என் தேர்வு மூன்றாவது வழி. முதல் வழியிலிருந்து சட்டத்தையும் கணக்கையும் மட்டும் அதில் சேர்த்துக்கொள்வேன். பதினைந்து வாரத்தில் முதல் ஐந்து வாரம் மருத்துவமனை, நோட்டு மட்டும். அடுத்த நான்கு வாரம், எழுதி வந்த தேவைகளில் எதை விடுவது என்ற விவாதம்; எடுத்த ஒன்றுக்கு நோக்கப் பயன்பாட்டு வரி, உரிம வகுப்பு, யார் பணம் கொடுப்பார் என்ற பட்டியல். பிறகு அட்டையிலும் தோலிலும் ஒரு மாதிரி. ஆம்பூர்க் காலணிப் பட்டறை ஒன்றில் ஒரு நாள். வணிகத் திட்டம் கடைசி மூன்று வாரத்தில், எட்டுப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பெண்ணில் பாதி மருத்துவமனை நோட்டுக்கு. தேர்வாளர்களில் ஒருவர் வார்டு சிஸ்டராகவோ கொள்முதல் பிரிவில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். ‘இதை நான் வாங்க மாட்டேன், ஏனென்றால்...’ என்று அவர் சொல்லும் காரணத்துக்கு மாணவர் தரும் பதிலே வாய்மொழித் தேர்வு.

இதிலும் விதிவிலக்கு வைப்பேன். பாடத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால், அல்லது எந்த மருத்துவமனையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், அரைகுறையாக வார்டுக்கு அனுப்புவதைவிட வகுப்பறைப் பாடத்தையே ஒழுங்காக நடத்துவது நல்லது. அப்போது நாற்பது பக்கத் திட்டத்தை எடுத்துவிட்டு, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவியைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, அது எந்த வகுப்பு, யார் வாங்குகிறார், எந்த விலையில், எவ்வளவு நாள் கடனில் என்று தேடி எழுத வைப்பேன். குளுக்கோமீட்டர் பட்டையில் ஆரம்பிக்கலாம். அது எல்லா மருந்துக் கடையிலும் இருக்கிறது, கடைக்காரரும் பேசுவார்.